விளக்கை நம்பாதீர்கள், பிளக்கைக் கேளுங்கள்: ஹீட்டர் பிளக், ரிலே கோளாறு பார்க்கும் முறை

மார்கழி மாதத்தில் எனக்கு அலாரம் தேவைப்படுவதில்லை. விடியற்காலை மூன்று, மூன்றரைக்கு யாராவது போன் செய்து எழுப்பிவிடுவார்கள். காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகிற குட்டி யானையாக (டாட்டா ஏஸ்) இருக்கும். தண்டையார்பேட்டையிலிருந்து கோயம்பேட்டுக்குக் காய் எடுக்கப் போகிற லோடு வண்டியாக இருக்கும். வண்டி எதுவாக இருந்தாலும் வசனம் ஒன்றுதான்: "அண்ணே, செல்ஃப் நல்லா அடிக்குது, வண்டி ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குது. ஹீட்டர் லைட்டுலாம் கரெக்டா எரியுது."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். டேஷ்போர்டில் அந்தச் சுருள் விளக்கு எரிந்தால், விளக்கு எரிகிறது என்று மட்டும்தான் அர்த்தம். பெரும்பாலான வண்டிகளில் அதை எரிய வைப்பதும் அணைப்பதும் டைமர். எஞ்சின் தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று சென்சார் சொல்கிறது, அதற்குத் தகுந்த நேரத்துக்கு டைமர் விளக்கை எரியவிட்டு அணைக்கிறது. ஆறிக் கிடக்கும் டீசல் எஞ்சினுக்கு உள்ளே சூடேற்றும் ஹீட்டர் பிளக் சிவந்ததா, செத்துப் போய்க் கிடக்கிறதா என்பது அந்த விளக்குக்குத் தெரியாது. ரிலே, அதாவது பிளக்குக்குக் கரண்டைக் கொடுத்து நிறுத்தும் சுவிட்ச், "டக்" என்று அடித்தது என்று சொல்வதும் இதே கதைதான். உள்ளே காயில் (காந்தச் சுருள்) வேலை செய்கிறது என்பதற்குத்தான் அந்தச் சத்தம் சாட்சி. கரிந்துபோன காண்டாக்ட் வழியாகக் கரண்ட் போகிறதா என்பதற்குச் சாட்சி இல்லை.

நான் ஆட்டோ எலக்ட்ரீஷியன். காசிமேட்டுக்கும் தண்டையார்பேட்டைக்கும் நடுவில் இருபத்தாறு வருடமாக ஒரே கடை. புத்தகத்தில் க்ளோ பிளக் என்று இருக்கும், எங்கள் பக்கம் ஹீட்டர் பிளக், இன்னும் சுருக்கமாக ஹீட்டர். அப்படியே எழுதுகிறேன்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை அமுக்கி அமுக்கி வரும் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. பழைய வகை எஞ்சின்களில் டீசலை நேராக பிஸ்டன் மேல் அடிக்க மாட்டார்கள். சிலிண்டர் ஹெட்டுக்குள் ஒரு சின்ன அறை இருக்கும், அதில் அடிப்பார்கள். ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த அந்த அறையின் இரும்புச் சுவர், அமுக்கத்தில் வந்த சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு விடும். அதை ஈடுகட்டத்தான் அந்த அறைக்குள் ஹீட்டரின் முனை நீட்டிக்கொண்டிருக்கிறது. 2005-இல் முதலில் வந்த டாட்டா ஏஸ், பழைய டீசல் இண்டிகா, குவாலிஸ் எல்லாம் இந்த ஜாதி. சென்னையில் குளிர் என்றால் 20 டிகிரிதான், அதற்கு எதற்கு ஹீட்டர் என்று கேட்பவர்கள் இந்த எஞ்சின்களை மார்கழியில் ஒரு தடவை அடித்துப் பார்க்கட்டும். அதிலும் குட்டி யானையில் இருப்பதே இரண்டு சிலிண்டர், இரண்டு ஹீட்டர். ஒன்று போனால் பாதி எஞ்சின் போன மாதிரி.

இன்னோவா, ஸ்விஃப்ட் போன்ற, காமன் ரெயில் எனப்படும் புது வகை டீசல் வண்டிகள் நேராக பிஸ்டன் மேல் அடிப்பவை. நம் ஊர் வெப்பத்தில் ஹீட்டர் இல்லாமலே பெரும்பாலும் பிடித்துவிடும். அங்கே ஹீட்டர் கோளாறு என்பது காலையில் ஒரு நிமிஷ நடுக்கமாகவோ, வெள்ளைப் புகையாகவோ, எரிந்துகொண்டே இருக்கும் செக் விளக்காகவோ வரும். கன்டெய்னர் லாரிகளில் இந்தச் சமாச்சாரமே கிடையாது. ஒரு தடவை மணலியிலிருந்து ஒரு டிரெய்லர் டிரைவர் வந்து "ஹீட்டர் பிளக் மாத்தணும்" என்றார். இல்லாததை எப்படி மாற்றுவது? பார்த்தால் டீசல் லைனில் காற்று வாங்கியிருந்தது.

முதலில் பேட்டரி, அப்புறம் புகை

ஸ்பானரை எடுப்பதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். பேட்டரி சும்மா இருக்கும்போது 12.5 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழே இறங்கினால் ஹீட்டரை மறந்துவிட்டு பேட்டரியையும் அதன் டெர்மினலையும் பாருங்கள். செல்ஃப் சோம்பலாகச் சுற்றினால் அமுக்கம் வராது, அமுக்கம் வராவிட்டால் ஹீட்டர் சிவந்தும் பயனில்லை. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அந்த இரண்டு மாதம் மூலையில் நின்ற வண்டிகள் ஜூன் 15-ஆம் தேதி காலையில் வரிசையாக என் கடைக்கு வரும். வருகிறவர்கள் எல்லாரும் ஹீட்டர் என்பார்கள். அந்த வெயிலில் ஹீட்டர் கோளாறு வெளியே தெரிவதே அபூர்வம். பத்தில் எட்டு வண்டிக்குப் பேட்டரிதான்.

அடுத்தது புகை. ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் சைலன்ஸர் பக்கம் நிற்க வேண்டும். பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காதீர்கள், அரை நிமிஷம் விட்டு மறுபடி அடியுங்கள். வெள்ளையாக, கண்ணைக் கரிக்கிற பச்சை டீசல் நாற்றத்தோடு புகை வந்தால் டீசல் வருகிறது, பற்றவில்லை என்று பொருள். இது ஹீட்டர் வழக்கு. புகையே வராவிட்டால் டீசலே உள்ளே போகவில்லை. ஃபில்டர், காற்று, ஸ்டாப் சோலனாய்டு (டீசலை நிறுத்தும் மின் வால்வு) என்று அந்தப் பக்கம் போங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போதும் இதே தகராறு செய்தால் அது ஹீட்டர் இல்லை. காலையில் மட்டும் அடம், பகலில் அரைச் சுற்றில் பிடிக்கிறது என்றால் ஹீட்டர்தான்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு பெட்ரோல் நனைத்த துணியைக் காட்டி ஸ்டார்ட் செய்கிற பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. சிலர் ஸ்ப்ரே அடிப்பார்கள். உள்ளே ஹீட்டர் சிவந்திருக்கும்போது அந்த ஆவி போனால், பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே வெடிக்கும். ரிங் உடையும், ராடு வளையும், துணி பிடித்தவர் முகம் கருகும். வண்டி வேலை செய்யவில்லை என்றால் அன்றைக்கு ஒரு வாடகை வண்டி பிடித்துக்கொள்ளுங்கள்.

பிளக்கிடம் போய்க் கேட்பது

இனி, போன மார்கழியில் வந்த ஒரு வண்டியை வைத்தே சொல்கிறேன். மீன் வியாபாரம் செய்யும் ஒரு அக்காவின் குட்டி யானை. அவர் எனக்கு முன் மூன்று பேரிடம் காட்டியிருந்தார். மூன்று பேரும் ஹீட்டர் மாற்றியிருந்தார்கள். ஆறு பிளக், ஒரே வியாதி. "தம்பி, இதுக்கு மேல என்னால ஹீட்டர் வாங்க முடியாது, வண்டியையே வித்துடறேன்" என்றார்.

வண்டியின் சீட்டைத் தூக்கினால் எஞ்சின். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் போட்டாயிற்று. ஹெட்டின் ஓரத்தில் ஹீட்டர்கள் நிற்கும், அவற்றின் தலைகளை ஒரு தகட்டுப் பட்டையோ ஒயரோ இணைத்திருக்கும். ரிலேயிலிருந்து வரும் தடித்த ஒயர் அந்தப் பட்டையில் வந்து சேரும். அங்கே கரண்ட் வரும்போது நேராக பேட்டரியின் முழு வேகமும் வரும். ஸ்பானர் பட்டையிலும் பாடியிலும் ஒரே நேரத்தில் பட்டால் வெல்டிங்தான். அதனால் எதையாவது கழற்றுவதாக இருந்தால் முதலில் பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள்.

முதல் கேள்வி: பட்டைக்கு எவ்வளவு வோல்ட் வருகிறது? எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், சூடாக இருந்தால் டைமர் ஹீட்டருக்குக் கொடுக்கவே கொடுக்காது. மல்டிமீட்டரின் சிவப்பு முனை பட்டையில். கறுப்பு முனையை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பலரும் பேட்டரி மைனஸில் வைப்பார்கள். நான் எஞ்சின் பிளாக்கிலேயே, சுரண்டிப் பளபளப்பாக்கிய ஒரு போல்ட் மேல் வைப்பேன். ஹீட்டருக்கு எர்த் (கரண்ட் திரும்பும் வழி) கிடைப்பது அங்கேதானே, பேட்டரியிலா? சாவியைத் திருப்பச் சொன்னேன். பேட்டரியில் 12.1 இருக்கும்போது பட்டையில் 9.1 காட்டியது. மூன்று வோல்ட்டை வழியில் யாரோ தின்கிறார்கள்.

மூன்று வோல்ட்தானே என்று நினைக்க வேண்டாம். சூடு என்பது வோல்ட்டின் வர்க்கக் கணக்கு. 12-க்குப் பதில் 10 வோல்ட் போனாலே சூட்டில் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடும். அக்காவின் வண்டியில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் போய்க்கொண்டிருந்தது. புதுப் பிளக் என்ன செய்யும், பாவம்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றும் உண்டு. பட்டையில் பேட்டரி வோல்ட் அப்படியே, ஒரு புள்ளி கூடக் குறையாமல் வந்தால் சந்தோஷப்படாதீர்கள். எல்லாப் பிளக்கும் செத்திருந்தாலும் அப்படித்தான் காட்டும், கரண்ட் இழுக்க ஆளே இல்லையே. நல்ல ஹீட்டர்கள் இருந்தால் சாவியைத் திருப்பின உடனே பேட்டரி வோல்ட் சற்றே தாழும், கேபின் விளக்கு லேசாக மங்கும். மீட்டர் இல்லாத காலத்தில் என் குரு அந்த மங்கலைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

அடுத்து ஒவ்வொரு பிளக்காக. பேட்டரி மைனஸைக் கழற்றி, பட்டையை எடுத்துவிடுங்கள். பட்டை மாட்டியபடியே அளந்தால் எல்லாப் பிளக்கும் சேர்ந்து ஒரே அளவாகக் காட்டும், ஒன்றும் புரியாது. மீட்டரை ஓம் (மின்தடை) அளவில் வைத்து, முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். 0.3, 0.4 என்று ஏதாவது காட்டும். அது ஒயரின் கணக்கு, பின்னால் கழித்துக்கொள்ள வேண்டும். இப்போது ஒரு முனை பிளக் தலையில், ஒரு முனை எஞ்சின் பிளாக்கில். 12 வோல்ட் பிளக் என்றால், கழித்தது போக அரை ஓமிலிருந்து ஒன்றரை ஓமுக்குள் இருக்கும். மீட்டர் ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே சுருள் அறுந்துவிட்டது. சுத்தமாகப் பூஜ்யம் என்றால் சுருள் உள்ளே குழாயோடு ஒட்டி ஷார்ட் ஆகிவிட்டது. அதிகம் முக்கியமானது, எல்லாப் பிளக்கும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். மூன்று 0.8 காட்டி ஒன்று 2.5 காட்டினால் அந்த ஒன்றின் நாள் எண்ணப்படுகிறது.

மீட்டர் இல்லையா, டெஸ்ட் லைட் போதும். பட்டை கழற்றியபடியே இருக்க, மைனஸை மாட்டுங்கள். டெஸ்ட் லைட்டின் கிளிப்பை பேட்டரி பிளஸில் மாட்டி, முனையால் பிளக் தலையைத் தொடுங்கள். எரிந்தால் சுருள் அறுபடவில்லை, எரியாவிட்டால் அறுந்துவிட்டது. அவ்வளவுதான் அது சொல்லும்.

ஓம் சரியாக இருக்கிற பிளக்கும் சரியாகச் சூடாகாமல் போகலாம். அதற்கு என்னிடம் இருக்கும் கடைசி நீதிபதி கிளாம்ப் மீட்டர். ரிலேயிலிருந்து பட்டைக்குப் போகும் ஒயரைச் சுற்றி மாட்டிவிட்டு சாவியைத் திருப்பினால் போதும், எதையும் கழற்ற வேண்டாம். சாதாரண 12 வோல்ட் ஹீட்டர் ஒன்று தொடக்கத்தில் 15 ஆம்பியருக்கு மேலேகூட இழுத்து, சூடாகச் சூடாக எட்டு, பத்துக்கு இறங்கும். நாலு பிளக் வண்டியில் நாற்பதுக்குப் பக்கம் நிற்க வேண்டியது முப்பதில் நின்றால் ஒன்று போய்விட்டது, இருபதில் நின்றால் இரண்டு. ஆனால் கிளாம்ப் மீட்டர் வாங்கும்போது டிசி அளக்குமா என்று கேட்டு வாங்குங்கள். என் கடைப் பையன் முதல் சம்பளத்தில் ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஆசையாக ஒன்று வாங்கி வந்தான். வீட்டுக் கரண்டுக்கான ஏசி மீட்டர். எந்த வண்டியில் மாட்டினாலும் பூஜ்யம் காட்டியது, அவனும் பார்க்கிற வண்டிக்கெல்லாம் "ஹீட்டர் காலி" என்று தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தான்.

அக்காவின் இரண்டு பிளக்கும் 0.9 ஓம். குற்றமில்லாதவை. முன்னால் மாற்றிய நாலும்கூடக் குற்றமில்லாதவையாகத்தான் இருந்திருக்கும்.

ரிலேயும் எர்த்தும்

காணாமல் போன மூன்று வோல்ட்டைத் தேடும் முறை ரொம்பச் சுலபம். அதைத்தான் யாரும் செய்வதில்லை. கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது பாதையின் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு பக்கமும் மீட்டரை வைத்துப் பாருங்கள். நல்ல துண்டில் ஏறக்குறைய ஒன்றும் காட்டாது. எங்கே காட்டுகிறதோ அங்கேதான் திருடன்.

ரிலேயில் தடித்த கால்கள் இரண்டு. 30 என்று எழுதியிருப்பது பேட்டரியிலிருந்து வருவது, 87 பிளக்குக்குப் போவது. மெல்லிய கால்கள் 85, 86, அவை காயிலுக்கு. டைமர் சேர்ந்த ரிலேயாக இருந்தால் சாவியிலிருந்து வரும் 15, செல்ஃபிலிருந்து வரும் 50, எர்த்துக்கான 31 என்றும் இருக்கலாம். ஹீட்டர் ஓடும்போது சிவப்பு முனை 30-இல், கறுப்பு முனை 87-இல். நல்ல ரிலே 0.2 வோல்ட்டுக்குள் காட்டும். அக்காவின் ரிலே 1.9 காட்டியது. "டக்" சத்தம் மட்டும் கோயில் மணி மாதிரி கணீரென்று வந்தது.

கழற்றித் திறந்து பார்த்தபோது காண்டாக்ட் இரண்டும் கருகி மேடும் பள்ளமுமாக இருந்தன. இந்த மாதிரி ரிலேயை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தருபவர்கள் உண்டு. ஒரு மாதம் ஓடும். தேய்த்ததில் மேல்பூச்சு போய்விடும், அப்புறம் முன்னைவிட வேகமாகக் கருகும். அவசரத்துக்கு நானும் செய்திருக்கிறேன், காசு வாங்கிக்கொண்டு செய்ததில்லை. அதைவிட மோசம், கைக்குக் கிடைத்த 30 ஆம்பியர் ஹாரன் ரிலேயை மாட்டுவது. நாலு பிளக் இழுக்கும் கரண்டுக்கு அது பத்து நாளில் உருகி சாக்கெட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஹீட்டருக்கென்று வரும் 70 ஆம்பியர் வகையையே கேளுங்கள். புதுசுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. புதுப்பேட்டையில் கழற்றிய ரிலேயும் கிடைக்கும், ஆனால் அது எந்த வண்டியிலிருந்து ஏன் கழற்றப்பட்டது என்று அதற்கே தெரியாது.

ரிலே சத்தமே போடாவிட்டால் காயில் பக்கம் போங்கள். சாவி போட்டதும் 85, 86-க்கு நடுவில் 12 வோல்ட் வருகிறதா? வந்தும் அசையவில்லை என்றால் ரிலே செத்தது. வரவில்லை என்றால் ரிலே பாவம், டைமரோ சென்சாரோ சாவி ஒயரோ ஃபியூஸோ. 50, 60 ஆம்பியர் பட்டை ஃபியூஸ் இருக்கும் வண்டிகளில் அது கண்ணுக்குத் தெரியாமல் மயிரிழை அளவு விரிசல் விட்டிருக்கும். கையால் அசைத்துப் பாருங்கள், பார்வையை நம்ப வேண்டாம்.

அக்காவின் வண்டியில் ரிலே 1.9 தின்றது. மிச்சம் 1.1 எங்கே? சிவப்பு முனையை எஞ்சின் பிளாக்கில் வைத்து, கறுப்பை பேட்டரி மைனஸ் கம்பத்தில் வைத்தேன். அங்கே இருந்தது. எஞ்சினையும் சேசியையும் இணைக்கும் எர்த் பட்டையின் முனை பச்சை பூத்து, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. மீன் வண்டியில் ஐஸ் கரைந்து, உப்பும் செதிலுமாகத் தண்ணீர் ராத்திரி பகலாகச் சொட்டிக்கொண்டே இருக்கிறது. அதற்கு மேல் கடல் காற்று. காசிமேட்டு வண்டி என்றால் எர்த்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன், இந்த வண்டியில் ஆறு பிளக் கதையைக் கேட்டதால் அதைக் கடைசியாகப் பார்த்தேன், அது என் தப்பு. பழைய பட்டையை வெட்டி எறிந்துவிட்டு, தடித்த ஒயரில் இரண்டு முனையிலும் ரிங் டெர்மினல் அடித்து, சேசியில் பெயின்ட்டைச் சுரண்டி முறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன்.

மீட்டரே இல்லாமல் நடு ரோட்டில் நின்றால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. தடித்த ஜம்பர் கேபிளை பேட்டரி பிளஸிலிருந்து நேராக ஹீட்டர் பட்டைக்கு, மனதுக்குள் எட்டு, பத்து எண்ணும் வரை கொடுத்துவிட்டு எடுத்து, உடனே செல்ஃப் அடியுங்கள். சட்டென்று பிடித்தால் பிளக் நல்லது, கரண்ட் வரும் வழியில்தான் கோளாறு. பிடிக்காவிட்டால் பிளக்கோ எர்த்தோ வேறு காரணமோ. முதலில் பேட்டரி முனையை மாட்டிக்கொண்டு பட்டை முனையைக் கடைசியாகத் தொடுங்கள், பேட்டரி பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது. இதைப் பழைய 12 வோல்ட் ஹீட்டர்களுக்கு மட்டும் செய்யுங்கள். பல புது வண்டிகளில் பிளக்கின் உடம்பிலேயே 4.4, 5, 7 வோல்ட் என்று எழுதியிருக்கும். அவற்றுக்குக் கம்ப்யூட்டர் விட்டுவிட்டுத் துடிப்பாகக் கரண்ட் கொடுக்கிறது. நேராக 12 கொடுத்தால் ஓரிரு விநாடியில் முடிந்தது. அந்த வண்டிகளுக்கு ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போவதே லாபம்.

சிலர் இந்தக் குறுக்கு வழியையே நிரந்தரமாக்கி, டேஷ்போர்டில் காலிங் பெல் சுவிட்ச் ஒன்று வைத்துவிடுவார்கள். அந்தச் சுவிட்ச் ரிலேயின் காயிலை மட்டும் இயக்கினால் எனக்கு ஆட்சேபம் இல்லை, டைமர் கிடைக்காத பழைய வண்டிக்கு நானே செய்து தந்திருக்கிறேன். ஹீட்டர் கரண்ட் முழுவதையும் அந்த ஒற்றைச் சுவிட்ச் வழியாக அனுப்பினால் ஒரு நாள் டேஷ்போர்டு புகையும்.

ரிலே கரண்டைக் கொடுக்காமல் போவதைவிட நிறுத்தாமல் போவது பெரிய தொல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் மூழ்கிய வண்டிகளில் இதை நிறையப் பார்த்தேன். வியாசர்பாடி பக்கமிருந்து ஒருவர் இரண்டு பேட்டரி மாற்றியும் காலையில் வண்டி செத்துக் கிடக்கிறது என்று வந்தார். சாவியை எடுத்துவிட்டு டெஸ்ட் லைட்டை ஹீட்டர் பட்டையில் வைத்தேன். எரிந்தது. ரிலேயைத் தொட்டால் இட்லித் தட்டு மாதிரி சுடுகிறது. காண்டாக்ட் ஒட்டிக்கொண்டு சாவி இல்லாமலே ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இருபது ஆம்பியர் இழுத்தால், நாற்பது ஆம்பியர்-ஹவர் (Ah) பேட்டரி காலியாக ராத்திரி முழுக்கத் தேவையில்லை, இரண்டு மணி நேரம் போதும். பேட்டரி அடிக்கடி இறங்குகிறது என்றால் ஆல்டர்னேட்டரைக் குறை சொல்வதற்கு முன் இந்த ஒரு நிமிஷச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

கழற்றுவதும் மாட்டுவதும்

சுமார் 2008-இல் ஒரு குவாலிஸின் நாலாவது ஹீட்டரை நான் உடைத்தேன். இறுகியிருந்தது, நீளக் கைப்பிடி போட்டு ஒரு இழு. "கிளிக்" என்று தலை தனியாகக் கையோடு வந்தது. மிச்சத்தை எடுக்க ஹெட்டையே இறக்க வேண்டியதாயிற்று, செலவு என்னுடையது. இரண்டு மாதம் வீட்டில் அதைப் பற்றித்தான் பேச்சு.

அதிலிருந்து ஒரு முறை வைத்திருக்கிறேன். முதல் நாள் சாயங்காலமே மரையைச் சுற்றி டபிள்யூடி-40 மாதிரி எண்ணெய் ஊற்றி ஊறவிடுவேன். மறுநாள் எஞ்சினை ஓடவிட்டு வெதுவெதுப்பாக்கிய பிறகே ஸ்பானர். சின்ன ராட்செட், நீள சாக்கெட். கால் சுற்று திறந்து, மறுபடி உள்ளே, மறுபடி வெளியே. கீச்சென்று கத்தினால் நிறுத்தி இன்னும் எண்ணெய். 10 மில்லிமீட்டர் மரை உள்ள பிளக் 35 நியூட்டன் மீட்டருக்கு மேல் போனால் உடையத் தயாராகிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் ஊற்றும் முன் சுற்றிலும் காற்று அடித்துச் சுத்தம் செய்யுங்கள், மண் உள்ளே விழுந்தால் வேறு கதை.

வெளியே வந்த பிளக்கைத் தூக்கி எறியாமல் முனையைப் பாருங்கள், அது ஒரு ஜாதகம். முனை வீங்கியிருந்தால் அளவுக்கு மேல் நேரம் ஓடியிருக்கிறது, ரிலேயையும் டைமரையும் சந்தேகப்படுங்கள். முனை உருகி, கரைந்து, ஓட்டை விழுந்திருந்தால் இன்ஜெக்டர் சொட்டுகிறது அல்லது டைமிங் தப்பு, அதைப் பார்க்காமல் புதுசு போட்டால் அதுவும் கரையும். வெறும் கரி என்றால் துடைத்துவிட்டுச் சோதிக்கலாம்.

சோதனை இப்படி: பிளக்கின் உடம்பை வைஸில் பிடித்து, ஜம்பர் கேபிளால் அந்த வைஸை பேட்டரி மைனஸில் மாட்டி, தலைக்கு பிளஸ் கொடுங்கள். கையில் பிடிக்கவே கூடாது, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஐந்தாறு விநாடியில் முனை முதலில் சிவந்து, அப்புறம் சிவப்பு மேலே ஏற வேண்டும். நடுவில் சிவந்து முனை கறுப்பாகவே இருந்தால் அது ஓம் சரியாகக் காட்டினாலும் குப்பை. பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். புதுசு வாங்கும்போதும் கடையிலேயே இதைச் செய்து பார்க்கலாம், மலிவுச் சரக்கு அங்கேயே தோற்றுவிடும். நீளமும் மரையும் பழசோடு ஒத்திருக்கிறதா என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று போனால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுவதே என் பழக்கம், ஆறு மாதத்தில் அடுத்தது போய் வாடிக்கையாளர் என்னைத் திட்டுவதற்கு இது மேல்.

மாட்டும்போது மரையில் மெல்லிசாகக் காப்பர் கிரீஸ், முனையில் படக் கூடாது. கையால் கடைசி வரை சுற்றி, 10 மில்லிமீட்டர் மரைக்கு 15 நியூட்டன் மீட்டர் போல முறுக்கினால் போதும். தலையிலுள்ள சின்ன நட்டை அதைவிட மென்மையாக. அதை இறுக்கித்தான் பலர் உள் சுருளை அறுக்கிறார்கள்.

சரி, வேலை முடிந்து சாவியைத் திருப்பினால் வண்டி பிடிக்கத்தான் செய்யும், எஞ்சின் சூடாக இருக்கிறதே. அது எதற்கும் அத்தாட்சி ஆகாது. அதனால் ஹீட்டர் வேலை பார்த்த வண்டியை ராத்திரி கடை வாசலிலேயே விட்டுப் போகச் சொல்லுவேன், காலையில் ஆறின எஞ்சினில் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பில். அக்காவின் வண்டியும் அப்படித்தான் நின்றது. விடியற்காலை மூன்றே காலுக்கு அவரே வந்து சாவியைத் திருப்பினார். கிளாம்ப் மீட்டர் 24 காட்டி, மெல்ல இறங்கி 18-இல் நின்றது. பட்டையில் 11.7. விளக்கு அணைந்தது, அரைச் சுற்றில் பிடித்தது, வெள்ளைப் புகை இல்லை. மீட்டரை அவரிடம் பெருமையாகக் காட்டினேன். அக்கா பார்க்கவில்லை, ஐஸ் பெட்டி ஏற்ற ஆள் இன்னும் வரவில்லை என்று போனில் யாரையோ திட்டிக்கொண்டே வண்டியை எடுத்தார்.